நாற்பத்தொன்பது கிலோ இருநூறு கிராம்

ஜூன் 2, திங்கள்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தேன். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம்தான் இந்த அடுப்பைப் பற்றவைக்கப் பழகுகிறேன் என்பதை யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

பத்து மணிக்குப் பெருந்துறை ரோட்டில் உள்ள பிசியோதெரபி மையத்துக்குப் போனேன். துளசிமணி என்னைப் பார்த்ததும் சிரித்தாள், இடது பக்கம் மட்டும். பக்கவாதம் வந்து நாலு வாரம் ஆகப்போகிறது. வலது கையும் வலது காலும் இன்னும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வாயிலும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. ஆனால் நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்து விரலை நீட்டிக் காட்டினாள். என் பெண்டாட்டியின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்று பஞ்சாயத்து. மகள் பூங்கொடி பெங்களூரிலிருந்து போனில், பிசியோதெரபி பார்க்கும் ஷாஹிதா என்ற பெண் நேரில், நான் நடுவில்.

“அப்பா, உங்களுக்கு அறுபத்தேழு வயசாச்சுங்க. அம்மாவ எந்திரிக்க வெக்கோணும், உக்கார வெக்கோணும், பாத்ரூம் கூட்டிட்டுப் போகோணும். உங்களால ஆவாது. நா இங்க கூட்டிட்டு வந்தர்றேன்.”

“அப்ப நானு?”

“நீங்களும் வாங்க. ஹால்ல ஒரு கட்டில் போட்டுக்கலாம்.”

ஹாலில் கட்டில்! முப்பத்து நாலு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை குத்துகிற வேலை. ஈரோடு, கோபி, பவானி என்று எந்தச் சந்தையில் நான் தலைகாட்டினாலும் வியாபாரிகள் தராசுத் தட்டைத் துடைத்து வைப்பார்கள். அப்பேர்ப்பட்ட நாச்சிமுத்து, போயும் போயும் மாப்பிள்ளை வீட்டு ஹாலில் படுத்துக் கிடப்பதா?

“ஏன் ஆவாது? என்ற சம்சாரத்த நானே பாத்துக்குவேன்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஷாஹிதா ஒரு வழி சொன்னாள். ஜூலை ஏழாம் தேதி வரை துளசி இங்கேயே இருக்கட்டும். அன்று எனக்கு ஒரு பரீட்சை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து கழிப்பறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு. பத்திரமாகச் செய்தால் சம்பத் நகர் வீடு; இல்லாவிட்டால் பெங்களூரு. பூங்கொடியும் ஒப்புக்கொண்டாள். துளசி என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புமுன் அவள் எடையைக் கேட்டேன். இன்று காலை போட்டது: நாற்பத்தொன்பது கிலோ இருநூறு கிராம். மிஷினை நம்பாமல் நானும் ஏறிப் பார்த்தேன். என் வீட்டு எடைக்கும் இதற்கும் ஐம்பது கிராம் வித்தியாசம். ஏற்றுக்கொள்ளலாம்.

ஆக, நான் தூக்க வேண்டியது என்னவென்று கிராம் சுத்தமாகத் தெரிந்துவிட்டது. ஐந்து வாரம் இருக்கிறது. வீட்டிலேயே ஜிம் வைக்கப்போகிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

பூங்கொடியின் பழைய அறையைக் காலி செய்தேன். தையல் மிஷின் ஹாலுக்குப் போனது. தரைக்கு ரப்பர் பாய் விரித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மே ஆறாம் தேதி, துளசி பாத்ரூமில் விழுந்தபோது நான் காய்கறி மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். பூங்கொடியிடம் அப்படித்தான் சொன்னேன். இங்கேயும் அதையே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

மேட்டூர் ரோட்டில் உடற்பயிற்சிச் சாமான் கடை. முப்பது வயசுத் தம்பி ஒருத்தர், புஜம் சட்டைக்குள் அடங்கவில்லை.

“யாருக்குங்க சார், பேரனுக்குங்களா?”

“எனக்கு.”

அவர் சிரிக்கவில்லை, அதற்காக ஒரு மதிப்பெண். தனித்தனி எடையில் வாங்கினால் அறை முழுக்க இரும்பாகிவிடும், எடையைக் கூட்டிக் குறைக்கிற டம்பெல்ஸ்தான் வீட்டுக்குச் சரி என்றார். அதில் இரண்டு வகை. ஒன்று, மரை போட்ட கம்பி. வட்டமான பிளேட்டுகளைக் கோத்து நட்டைத் திருகி இறுக்க வேண்டும். இன்னொன்று, பெட்டியில் உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் உள்ள டயலைத் திருப்பினால் எத்தனை கிலோ கேட்கிறோமோ அத்தனை பிளேட்டை மட்டும் கவ்விக்கொண்டு கைப்பிடி மேலே வரும். மிச்சம் பெட்டியிலேயே தங்கிவிடும்.

டயல் வகையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளே என்ன கவ்வுகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? நட்டு வகையையே எடுத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் பையைத் தூக்க வந்தார். வேண்டாமென்று நானே தூக்கி வைத்தேன். இரண்டு தடவையாக.

ஜூன் 5, வியாழன்

பிளேட்டில் ஐந்து கிலோ என்று போட்டிருக்கிறது. போட்டிருந்தால் ஆயிற்றா? நாலு பிளேட்டையும் பையில் போட்டுக்கொண்டு அர்த்தநாரி மளிகைக் கடைக்குப் போனேன். அவர் கடைத் தராசு இருபது வருஷம் என் கையால் முத்திரை வாங்கியது. நான் ஓய்வுபெற்று ஒன்பது வருஷம் ஆகியும் என்னைக் கண்டதும் அர்த்தநாரி எழுந்து நின்றார்.

“சார், ஏதாச்சும் புகாருங்களா?”

“உக்காருங்க. ஒரு எட பாக்கோணும், அவ்ளோதான்.”

முதல் பிளேட்: நாலு கிலோ எழுநூற்று எண்பது. இரண்டாவது: நாலு தொள்ளாயிரத்து நாற்பது. மூன்றாவது: நாலு எழுநூற்று ஐம்பத்தைந்து. நாலாவதுதான் ஒழுங்கு, ஐந்து கிலோவும் பத்து கிராமும்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அர்த்தநாரிக்கோ முகத்தில் அப்படியொரு நிம்மதி, குற்றவாளி தான் இல்லை என்று தெரிந்ததில்.

ஜூன் 6, வெள்ளி

கடைத் தம்பியிடம் கம்பியையும் பிளேட்டுகளையும் பரப்பி வைத்துக் கேட்டேன்.

“சார், இதென்ன தங்கமா? ஜிம்முல ஆருங்க எட போட்டுப் பாக்கறாங்க?”

“அஞ்சுன்னு எழுதி விக்கறீங்கல்ல? அப்ப அஞ்சு இருக்கோணும்.”

“கால் கிலோ கொறஞ்சா உங்களுக்குத் தூக்கறதுக்கு லேசுதானுங்க சார்!”

லேசாம். நான் தூக்கப்போகிறவள் கால் கிலோ தள்ளுபடியில் வருவாளா? அதை அவரிடம் சொல்லவில்லை. சரியான எடையில் நாலு பிளேட் பொறுக்கித் தரும்வரை நகர மாட்டேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து, வாங்கிக்கொண்ட பணத்தைக் கையில் கொடுத்துக் கும்பிடு போட்டார். ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்தது சரி. நாலு நாள் போயிற்று, ஒரு இரும்பும் வீட்டில் இல்லை.

ஜூன் 7, சனி

ரசம் வைத்தேன். துளசிக்கு டப்பாவில் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்பு” என்றாள். நேற்று வராத சொல். இன்று தெளிவாக வந்தது. உப்பு போட மறந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் ஈரோட்டில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஜூன் 12, வியாழன்

இந்த ஐந்து நாளில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கையில் அர்த்தநாரி கடையிலிருந்து இரவல் வாங்கிய சின்ன எலெக்ட்ரானிக் தராசு. இரண்டு கடையில் தராசைக் கண்டதும் சாப்பாட்டு நேரம் என்று ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

மூன்றாவது கடை ஒரு அம்மிணியுடையது. நாற்பது வயசு இருக்கும். தராசைப் பார்த்துவிட்டு, “தாராளமா போட்டுப் பாருங்கய்யா” என்று ஒதுங்கி நின்றாள். பழைய உத்தியோகத்தில் அப்படி ஒதுங்கி நிற்கிற கடைக்காரர்களிடம் நான் சீக்கிரம் வேலையை முடித்துவிடுவேன். இங்கே முடியவில்லை. டயல் வகை ஜோடி ஒன்றை ஒவ்வொரு எண்ணுக்கும் திருப்பித் திருப்பிப் போட்டேன். இரண்டரை, ஐந்து, ஏழரை, பத்து, அப்படியே இருபத்து நாலு வரை. எதிலும் ஐம்பது கிராமுக்கு மேல் வித்தியாசமில்லை. இருபத்து நாலில் இருபது கிராம் கூடுதல்!

நட்டு வகையில் எடை மாற்ற ஒவ்வொரு தடவையும் நாலு நட்டைக் கழற்ற வேண்டும், வயசான விரலுக்குச் சள்ளை, சரியாக இறுக்காவிட்டால் பிளேட் கால்மேல் விழும் என்று அவள் சொன்னாள். டயல் வகைக்கும் குறை உண்டாம். ‘கிளிக்’ என்று கேட்கும்வரை திருப்பாமல் எடுக்கக் கூடாது. கீழே போடவே கூடாது. ரெண்டரைக் கிலோவுக்கும் அதே நீளம் என்பதால் தொடையில் இடிக்கும். குறையை முதலில் சொல்கிற கடைக்காரியை இன்றுதான் பார்க்கிறேன்.

“ஆருக்குங்கய்யா?”

“எனக்குத்தான்.”

“ரெண்டரையில ஆரம்பிங்க. ஒரு மாசம் கழிச்சு அஞ்சு.”

தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ரெண்டரையாம், ரெண்டரை!

ஜூன் 13, வெள்ளி

பத்தில் ஆரம்பித்தேன். தோளுக்கு மேல் போகவில்லை. ஏழரை. போயிற்று, மூன்று தடவை. இடது தோள் ‘மளுக்’ என்றது. ஐந்து வைத்துக்கொண்டேன்.

இது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஷாஹிதா துளசியை இரண்டு கம்பிக்கு நடுவில் நிறுத்திவைத்தாள், பதினோரு விநாடி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். துளசியின் நெற்றியில் வேர்வை. உட்கார்ந்ததும் என்னிடம் இடது கையை நீட்டினாள். பிடித்துவிடச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, என் புஜத்தை அமுக்கிப் பார்த்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அமுக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். முப்பத்தொன்பது வருஷமாக இதே நக்கல்தான்.

ஜூன் 20, வெள்ளி

குனிந்து தரையிலிருந்து தூக்குவதில் நான் கில்லாடி. இரண்டு கையிலும் பதினைந்து, பதினைந்து. முப்பது கிலோ! அர்த்தநாரியிடம் அரிசி வாங்கப் போனபோது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தேன். “உங்களுக்கென்னங்க சார், இரும்பு ஒடம்பு” என்றார்.

ஒரு மூட்டு வலித் தைலம் வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு.

ஜூன் 24, செவ்வாய்

ஏழு வாரம். காலையில் பாத்ரூம் கதவைத் திறக்க மனசு வரவில்லை. பின்கட்டுக் குழாயடியில் குளித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

எழுதிவைக்க வேண்டிய நாள். இருபத்து நாலும் இருபத்து நாலும், ஆக நாற்பத்தெட்டு கிலோ. டயலில் அதற்கு மேல் இல்லை. துளசிக்கு இன்னும் ஒன்றேகால் கிலோ தேவை, சரியாகச் சொன்னால் ஆயிரத்து இருநூறு கிராம். டம்பெல்ஸில் ஏற்கெனவே ஒவ்வொன்றிலும் இருபது கிராம் கூடுதல் இருக்கிறது. ஆகவே ஆயிரத்து நூற்று அறுபது. துவரம் பருப்பை ஐந்நூற்று எண்பது, ஐந்நூற்று எண்பதாக இரண்டு துணிப்பையில் நிறுத்துக் கைப்பிடிக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன்.

தூக்கினேன். நிமிர்ந்து நின்றேன். பத்து எண்ணினேன். இறக்கினேன். ஒரு துவரம் பருப்பு சிந்தவில்லை.

நாற்பத்தொன்பது கிலோ இருநூறு கிராம், கிராம் பிசகாமல்! சொன்னால் வெட்கம், நான் வாய்விட்டுச் சிரித்தேன். துளசி, உன்னைத் தூக்கிவிட்டேன். இனி எந்த பெங்களூரு?

பிறகு ஒரு மணி நேரம் தரையிலேயே படுத்திருந்தேன். பாய் நன்றாக இருந்தது, அதனால்.

ஜூலை 7, திங்கள்

தோற்றேன்.

காலையில் இஸ்திரி போட்ட சட்டை. நெற்றியில் திருநீறு. மையத்தில் ஷாஹிதா கையில் ஒரு தாளை வைத்திருந்தாள். முதலில் கேள்வி.

“அய்யா, அம்மா கீழ விழுந்துட்டாங்கன்னு வெச்சுக்குங்க. மொதல்ல என்ன செய்வீங்க?”

“தூக்குவேன்.”

அவள் ஏதோ குறித்தாள். பிறகு, “சரிங்க, கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாத்துங்க” என்றாள். துளசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்தேன், அக்குளுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தேன், பழகின மாதிரியே மூச்சை இழுத்து ஒரே தூக்கு.

எழும்பினாள். அதுவரை சரி. ஆனால் இரும்பு பயப்படாது. துளசி பயந்துவிட்டாள். விறைத்துப் பின்னால் சாய்ந்தாள், வலது கால் மடங்கியது, இடது கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. எனக்கு இடுப்பில் பளீரென்று ஒரு வெட்டு. நாற்காலி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை. ஷாஹிதா குறுக்கே பாய்ந்து, தன் முட்டியால் துளசியின் முட்டியைத் தாங்கிக் கட்டிலிலேயே உட்காரவைத்தாள். நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம், அந்தப் பெண். அவள் ஒன்றும் சிரமப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

“நாப்பத்தொம்பது கிலோ எரநூறு கிராமு தூக்குவேனுங்க” என்றேன், மூச்சு வாங்க. “வீட்டுல நெறுத்துப் பாத்துத் தூக்குனேன்.”

“அம்மாவத் தூக்கவே கூடாதுங்கய்யா. நீங்க தூக்கத் தூக்க அந்தக் கால் வேலையே செய்யாது. அவங்கதான் எந்திரிக்கோணும். நீங்க வுழுகாமப் பாத்துக்கிட்டாப் போதும்.”

துளசி அழுதாள். பயத்திலா, என்னைப் பார்த்தா, தெரியவில்லை.

பூங்கொடிக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். அவள் ஒன்றும் குத்திப் பேசவில்லை. “ஞாயித்துக்கெழம கார்ல வர்றேங்கப்பா” என்றாள். குத்திப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசல்வரை ஷாஹிதா கூடவே வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கிறது, தினமும் பத்து மணிக்கு வந்தால் சொல்லித் தருகிறேன், மகள் வரும்போது இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாள். முந்தின கேள்விக்கும் பதில் தப்பு என்றாள். விழுந்தவரைத் தூக்கக் கூடாது. உடனே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

“அதத்தான் நெறையப் பேரு செய்யறதில்லீங்கய்யா” என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

மே ஆறாம் தேதி நான் மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

காலை ஏழரை மணி. பாத்ரூமில் சத்தம் கேட்டு ஓடினேன். துளசி தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஈரத்தரை. நான் தூக்கினேன். வழுக்கி விழுந்தாள். மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தாள். பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது, ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை. நைட்டி முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடக்கிறவளை அடுத்த வீட்டுக்காரர் பார்ப்பதா என்று நினைத்தேன். அதுகூடப் பொய். நாச்சிமுத்துவால் தன் பெண்டாட்டியைத் தரையிலிருந்து தூக்க முடியவில்லை என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அவள் “கூ... கூ...” என்றாள். கூப்பிடு என்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கூப்பிடவில்லை. இருபது நிமிஷம். கீரைக்காரம்மா கதவைத் தட்டியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை நிமிஷமோ.

டாக்டர், நல்லவேளை நேரத்துக்குக் கூட்டிவந்தீர்கள் என்றார். வீட்டார் தோளைத் தட்டினார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

ஊர் வியாபாரிகளின் குறையைக் கண்டுபிடித்து எத்தனை பேர்மேல் வழக்குப் போட்டிருக்கிறேன். எழுதியாயிற்று. இனி அழிக்க மாட்டேன்.

பத்து மணிக்கு மையத்துக்குப் போனேன். யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத் துளசியிடம், “அன்னிக்கு நா கூப்புட்டிருக்கோணும்” என்றேன். அவள் என்னையே பார்த்தாள். “ஆமா” என்றாள். அப்புறம் இடது கையால் என் கண்ணைத் துடைத்தாள்.

ஜூலை 9, புதன்

டம்பெல் ஒன்றை மையத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள் ஷாஹிதா. டயலை ஐந்துக்குத் திருப்பினாள்.

“இருபத்து நாலு பக்கமே போகக் கூடாதுங்கய்யா.”

ஐந்து கிலோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்தபடி, முட்டியை மட்டும் மடக்கி நாற்காலியில் உட்கார வேண்டும், எழ வேண்டும். பத்து தடவை. எளிது என்று நினைத்தேன். ஆறாவதில் தொடை கிடுகிடுத்தது. நாற்பத்தொன்பது கிலோவைத் தூக்கினவனுக்குத் தன் உடம்பை ஒழுங்காக நாற்காலியிலிருந்து எழுப்பத் தெரியவில்லை. துளசிக்கு ஒரே சிரிப்பு. எழும்போது மூக்கு கால்விரலுக்கு நேராக வர வேண்டும் என்பது ஷாஹிதா கட்டளை. நான் மறந்து பின்னால் சாய்ந்தால் துளசி, “மூக்கு” என்பாள். இன்று மட்டும் ஒன்பது தடவை சொன்னாள்.

கடைசியில் அவளுக்கும் தூக்கிப் பார்க்க ஆசை. ரெண்டரைக்குத் திருப்பி இடது கையில் கொடுத்தோம். தூக்கினாள். ஒரு தடவைதான், ஆனால் தோள்வரை. நான் முதல் நாள் பத்து கிலோவோடு பட்ட பாட்டை அவளிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

ஜூலை 11, வெள்ளி

இருவருக்கும் ஒரே பாடம். அவள் ஓரத்துக்கு நகர வேண்டும், காலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், முன்னால் குனிய வேண்டும். அவள் இடுப்பில் கட்டியிருக்கும் பட்டையை மட்டும் நான் பிடித்துக்கொண்டு, சக்தியில்லாத முட்டிக்கு என் முட்டியை முட்டுக் கொடுத்து, ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுக்கு எழுவது அவள்.

இன்று பன்னிரண்டு தடவையில் எட்டு தடவை சரியாக வந்தது. இடுப்பு வலி இருக்கிறது என்று ஷாஹிதாவிடம் ஒப்புக்கொண்டேன். தைலம் எனக்குத்தான் வாங்கினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பயமாக இருந்தது. அவள் பெங்களூரு போய்விட்டால், பொத்தான் மாற்றிப் போட்டால் சொல்ல ஆளில்லாத அந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன்? எனக்குத் துளசி வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

பூங்கொடி பதினோரு மணிக்கு வந்தாள். பின்சீட்டில் தலையணை, போர்வை, அம்மாவைப் படுக்கவைக்க எல்லாம் தயாராக. என்னைப் பார்த்து, “இளைச்சுட்டீங்கப்பா” என்றாள். தசை அது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கூடத்தில் வேறு நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் பத்துப் பேர் இருந்தார்கள். ஷாஹிதா அதே தாளோடு வந்தாள். அதே கேள்வி.

“அம்மா விழுந்துட்டா மொதல்ல என்ன செய்வீங்கய்யா?”

“தூக்க மாட்டேன். சத்தம் போட்டு ஆளக் கூப்புடுவேன். இந்தத் தடவ கூப்புடுவேன்.”

“இந்தத் தடவையா?” என்றாள் பூங்கொடி.

மற்றவர்கள் காதில் விழும், விழட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மார்க்கெட் பொய், ஈரத்தரை, இருபது நிமிஷம். பூங்கொடியின் முகம் மாறியது. “இருபது நிமிஷமாங்கப்பா?” என்றாள். அவள் கோபப்பட்டது நியாயம். கோபத்தில் அவள் என்னைப் போல.

“வுடு... கண்ணு” என்றாள் துளசி. எல்லோரும் திரும்பினோம். “என்னைய... ஆராச்சும்... கேட்டீங்களா?”

நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து இன்றுவரை, போனிலும் நேரிலும் எத்தனை பஞ்சாயத்து, ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை. எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“நீங்க எங்க இருக்கோணும்னு சொல்றீங்கம்மா?” என்று கேட்டாள் பூங்கொடி. அழுதுகொண்டே கேட்டாள்.

துளசி கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தாள். காலைப் பின்னுக்கு இழுத்தாள், வலது காலை இடது கையால் இழுத்து வைத்துக்கொண்டாள். நான் ஓடிப் போய்ப் பட்டையைப் பிடித்தேன், முட்டியை முட்டுக் கொடுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. எழுந்தாள். நாற்காலி இடது பக்கம், மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள். அங்கிருந்து கழிப்பறை. அங்கிருந்து நாற்காலி. திரும்பக் கட்டில். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஷாஹிதா தாளில் எழுதிக்கொண்டே வந்தாள்.

முடிந்தது என்று நான் பட்டையை விட்டேன். அவள் தலையாட்டினாள், இன்னும் முடியவில்லையாம். மறுபடி முன்னால் குனிந்தாள். நானும் மறுபடி பிடித்தேன். எழுந்து நின்றாள். நின்றதும், “கைய... எடுங்க” என்றாள்.

நான் ஷாஹிதாவைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, எடுங்கள் என்று கண்ணைக் காட்டினாள். எடுத்தேன். துளசிமணி கம்பியைப் பிடிக்காமல், என்னைப் பிடிக்காமல், யாரையும் பிடிக்காமல் நின்றாள். உடம்பு லேசாக ஆடியது. அவள் பார்வை மகள்மேல் இருந்தது.

“எங்க ஊட்டுக்கு... போறேன்” என்றாள். நிறுத்தி, மூச்சு வாங்கி, என்னைக் காட்டினாள். “இவுரையும்... கூட்டிட்டு.”

பூங்கொடி அழுகையும் சிரிப்புமாக ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஷாஹிதா இருவரையும் சேர்த்துப் பிடித்து உட்காரவைத்தாள். எத்தனை விநாடி நின்றாள் என்று நான் எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை.

சுவரோரம் தன் அம்மாவோடு காத்திருந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள், “அந்தம்மா ஆருங்க?”

“என்ற சம்சாரம்” என்றேன். கூடத்தின் மறு கோடியில் இருந்தவர்களுக்குக் கேட்டதோ என்னவோ என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

“துளசிமணி. என்ற சம்சாரமுங்க.”